சங்கத்து வெப்சைட்டில் எங்கள் தெரு

ஹலோ... ஹலோ, விசைத்தறி சங்கம்ங்களா?... ஆங், மறுபடியும் நான் தாங்க, பிரியங்கா. காலேஜ் பொண்ணு. காலையில இருந்து இது நாலாவது ஃபோன். செயலாளர் சார் டீ குடிச்சிட்டு வந்துட்டாரா?... ஆங், குடுங்க... ஆங், இருக்கேன், இருக்கேன்.

...இளங்கோவன் சாரா? வணக்கம் சார். நான் திருத்தணியில எம்.ஏ. எகனாமிக்ஸ் கடைசி வருசம் படிக்கிறேன்... இல்ல சார், நூல் விஷயம் இல்ல. உங்க சங்கத்து வெப்சைட்டப் பத்தி... வெப்சைட்டு சார், கம்ப்யூட்டர்ல வருமே... உங்களுக்கு இருக்குது சார். பிரின்ட் எடுத்து கையில வெச்சிகினு தான் பேசறேன்...

கொஞ்சம் சத்தமா பேசுங்க, பின்னாடி தறி ஓடிகினு இருக்குது... ஆங், எங்க வூட்டுத் தறி தான். மேலத் தெரு. நைனா பேரு ஆனந்தன்... தெரியுமா? சரி சார்.

விஷயம் இன்னான்னா, எங்க தெருவுத் தறி எண்ணிக்கைய உங்க வெப்சைட்ல இருந்து எடுத்து ப்ராஜெக்ட்ல போட்டுட்டேன். கமலா மிஸ் ஒத்துக்க மாட்றாங்க. வெப்சைட்ல இருந்தா போதுமா, அத நம்பலாமான்னு நீ விசாரிச்சியான்னு கேட்டு ஒரு தாள் குடுத்துட்டாங்க. அஞ்சு கேள்வி. நாளைக்கு அது இல்லாம போனா கையெழுத்து கெடையாது, ஆறு மாசம் தள்ளிப் போயிடும்... ஆங், ஆங், அஞ்சே நிமிஷம் சார். எனக்கும் முடியல.

மொதக் கேள்வி. இத எழுதினது யாரு?... உங்க மருமகனா. பேரு?... நவீன்குமார். அவரும் தறி வேலையா?... ஓ, செல்ஃபோன் கடை. சரி, எழுதிக்கறேன்.

ரெண்டாவது. கடைசியா எப்ப மாத்துனீங்க?... மாத்தவே இல்லையா. அதான் ரெண்டாயிரத்து ரெண்டு பொங்கல் வாழ்த்து இன்னும் மின்னிகினு இருக்குது. மூணு பொங்கல் போயிடுச்சு சார்... இல்ல இல்ல, குத்தம் சொல்லல. தாள்ல கேட்டிருக்குது, கேக்கறேன்.

மூணாவது. யாருக்காக இந்த வெப்சைட்ட ஆரம்பிச்சீங்க?... கரண்ட் ஆபீசுக்கா?... ஓ. கையால எழுதின மனுவ மதிக்கல, கம்ப்யூட்டர்ல எடுத்துக் குடுத்த உடனே மதிச்சாங்களா... எந்த டிரான்ஸ்பார்மர் சார்? எங்க தெரு முனையில வெச்சாங்களே, அதுவா?... உங்க எண்ணிக்கைய வெச்சு தான் குடுத்தாங்களா... ஆங்... ஆங்...

போச்சு சார். கரண்ட் போச்சு... இல்ல, ஃபோன் வேலை செய்யுது. தறி நின்னுடுச்சு, அவ்ளோ தான். இன்னிக்கி இது மூணாவது தடவ. எல்லாத் தறியும் ஒண்ணா ஓட ஆரம்பிச்சா அந்த டிரான்ஸ்பார்மர் தாங்கறதே இல்ல. இதுல நைனா கோவத்த எங்க மேல காட்றாரு... இரு நைனா, சங்கத்துல தான் பேசிகினு இருக்கேன். உக்காரு.

சொல்லுங்க சார். நாலாவது, இந்த முன்னூத்தி பன்னெண்டு தறின்ற நம்பர் எங்க இருந்து வந்துச்சு?... நீங்க எண்ணலையா. அப்ப யாரு?... ராஜமாணிக்கம் மாமா குடுத்தாரா? அவரு எங்க எதிர்வூடு தானே. அவருக்கு எப்படி...

காலேஜ் பொண்ணு எழுதுன நோட்டா.

இருங்க சார், ஒண்ணு கேக்கறேன்.

எந்த வருசம்?... மேல நீலக் கலர் அட்டை போட்டிருந்துச்சா?... வேணாம் சார், பேரு தேட வேணாம். அது நான் தான். பி.ஏ. ரெண்டாம் வருசம் தெருத் தறிய வூடு வூடா கேட்டு எழுதிக் குடுத்த அசைன்மென்ட். படிச்சிட்டுத் தரேன்னு மாமா வாங்கிகினு போனாரு, திரும்பி வரவே இல்ல... சிரிக்காதீங்க சார். அந்த நம்பர எங்கயோ பாத்த மாதிரியே இருந்துச்சு. வெப்சைட்ல இருக்கறதால சரியா தான் இருக்கும்னு நெனச்சேன். நான் எழுதனத நானே நம்பிட்டேன்.

...‘சங்கத்து கணக்கு’ன்னு எழுதிட்டுப் போகட்டுமா? எழுதலாம் சார். நாளைக்கு கையெழுத்து வாங்கிட்டு தூங்கலாம். ஆனா அஞ்சாவது கேள்வி ஒண்ணு இருக்குது. இது சரின்னு உனக்கு எப்படித் தெரியும்னு.

இது தப்புன்னு தான் சார் எனக்குத் தெரியும்.

எப்படின்னா, நோட்டு எடுத்துகினு யாரு வந்தாலும் பாதி தானே சொல்லுவாங்க எங்க தெருவுல. ஆபீசர்னு பயம். ரெண்டு தறிக்குத் தான் கரண்ட் பர்மிஷன், உள்ள ஓடறது நாலு. ராஜமாணிக்கம் மாமா வூட்ல எட்டு ஓடுது, எங்கிட்ட நாலுன்னாரு. சின்னப் பொண்ணுலேர்ந்து அந்த வூட்ல வெளையாடினவ நான். எட்டையும் கண்ணால பாத்துகினே நாலுன்னு எழுதினேன்... ஆங், எல்லா வூட்லயும் அப்படி தான். அந்தப் பாதிக்குத் தான் டிரான்ஸ்பார்மர் வந்திருக்குது. வெக்கமா இருக்குது சார்.

...புது மனு குடுக்க முடியுமா?... சரியான கணக்கு யாரு எடுக்கறது... நானா... ஆங். புரியுது. எடுக்கறேன். வெப்சைட்ல இருந்து அந்த நம்பர மட்டும் இன்னிக்கே எடுத்துட சொல்லுங்க. மிஸ்கிட்ட நடந்தத அப்படியே எழுதிக் குடுக்கறேன். கையெழுத்து போட்டா போடட்டும்... ஆங் சார்.

இப்பவேவா?... எங்க வூட்ல இருந்தா?

...அப்ப ரெண்டுன்னு தான் எழுதினேன் சார்... ஆங், எங்க வூட்டையும்.

இருங்க சார். நைனா பக்கத்துல வந்து நிக்கறாரு... நைனா, ஒண்ணும் ஆவாது. தெருவே சொல்லும். யாராவது மொதல்ல சொல்லணும்ல... ஃபைன் போட்டா போடட்டும் நைனா, இப்ப மட்டும் தறி ஓடுதா... கத்தாத.

சார், இருக்கீங்களா? எழுதிக்கோங்க. மேலத் தெரு, ஆனந்தன் வூடு... நைனா, ஃபோன்ல இருந்து கைய எடு... எடு நைனா... நாலு சார். எங்க வூட்ல நாலு தறி. நாலு, நா—