சீப்பில் ஒட்டிய இரும்புத்தூள்

— காசெல்லாம் வேண்டாம் சார். இன்னிக்கு மட்டுமில்ல, உங்க தலையில முடி இருக்கிற வரைக்கும் வேண்டாம்.

— அது இன்னும் ரெண்டு வருஷம் தாங்கினா பெருசு. என்னப்பா திடீர்னு தர்மம்?

— தர்மம் இல்ல சார், நன்றிக்கடன். தலையை ஆட்டாதீங்க, கத்தி காதுகிட்ட இருக்கு. போன வருஷம் உங்க பம்பு கம்பெனியை மூடப்போறாங்கன்னு பேப்பர்ல வந்துச்சே?

— மறக்குமா? சூப்பர்வைசர் எனக்கே சோறு இறங்கல. ஷேர் விலை தினம் சரிஞ்சுது.

— எல்லாரும் வித்துட்டு ஓடினாங்க. நான் வாங்கினேன்.

— நீயா? முடி வெட்டுற உனக்கு எங்கேருந்துப்பா அந்தத் துணிச்சல்?

— முடி வெட்டுறதாலதான் வந்துச்சு. மூடப்போற கம்பெனி ஆளுங்க தலை சுத்தமா இருக்கணும்ல? நீங்க, உங்க லேத்து ஆளுங்க, யார் வந்து உக்காந்தாலும் என் சீப்புல இரும்புத்தூள். முன்னைவிட ஜாஸ்தி. சத்தியமா சார், பேப்பரை விட சீப்பை நம்பினேன்.

— ஆர்டர் குவிஞ்சு கிடந்தது உண்மைதான். பழைய கடனுக்காக பேங்க்காரன் கழுத்தைப் பிடிச்சான், அதான் அந்தக் கூத்து. உன் கணக்கு தப்பியிருந்தா?

— தப்பாமலா? அதுக்கு முந்தின வருஷம், எல்லாரும் வேண்டாம்னு தள்ளின ஒரு செருப்புக் கம்பெனி ஷேரை வாங்கினேன். எல்லாரும் சொன்னதே சரியாப் போச்சு! புது நாற்காலிக்கு வச்சிருந்த பணம். வீட்டுக்காரி ஒரு மாசம் என்கூடப் பேசல.

— அப்புறமும் பம்பை வாங்கினியா!

— அவகிட்ட மூச்சு விடல. புரோக்கரே சிரிச்சான். "மூணு நாளா விக்கிறவங்க வரிசைதான் நிக்குது, வாங்க வந்தது நீ ஒருத்தன்தான்"னான். வியாழக்கிழமை காலையில எண்ணூறு ஷேர். இப்ப நாலு மடங்கு! இந்தப் புது நாற்காலியில முதல்ல உங்களைத்தான் உக்கார வைக்கணும்னு இருந்தேன்.

— வியாழக்கிழமையா? எண்ணூறா?

— ஆமா. ஏன் சார் கண்ணு கலங்குது? முடி விழுந்துடுச்சா?

— கத்தியைக் கீழ வை. அந்த வாரம் என் சம்சாரத்துக்கு நெஞ்சுல ஆபரேஷன். பணம் கட்டினாத்தான் உள்ளே கூட்டிட்டுப் போவோம்னுட்டாங்க. என்கிட்ட இருந்தது கம்பெனி கொடுத்த எண்ணூறு ஷேர்தான். திங்கட்கிழமையே விக்கச் சொல்லி, முதல் ஆளா வரிசையில நின்னேன். வாங்க ஒரு ஈ காக்கா இல்ல. வியாழக்கிழமை காலையில எவனோ ஒருத்தன் மொத்தத்தையும் வாங்கினான்.

— ஐயோ சார்... அப்ப எனக்கு வந்த லாபமெல்லாம் உங்களோடது!

— போடா பைத்தியம். வெட்டி முடிச்சதும் வீட்டுக்கு வா. யாருன்னு தெரியாமலே ஒரு வருஷமா உனக்காகத்தான் அவ தினமும் வேண்டிக்கிட்டிருக்கா.