பின்கண்ணாடி ஸ்டிக்கர்

– அந்தப் பெட்டிய எங்கயாவது இறக்கி வை, எலாதியோ. கனமா இருக்கும்.

– எங்க வெக்கணும்னு எனக்குத் தெரியும். இந்தா, உன் மேசை மேலயே வெக்கறேன். உன் இரும்பு, நீயே கட்டிட்டு அழு.

– ஏய், பாத்து, பாத்து! அங்க ஒருத்தன் கார்புரேட்டர பிரிச்சு வெச்சிருக்கேன். ஆங், அந்தப் பக்கம். என்னப்பா இவ்ளோ சூடு? கரண்ட் போயி மூணு மணி நேரமாச்சு, ஃபேன் ஓடாது. ஃபிளாஸ்க்ல காபி இருக்கு. ஊத்தட்டா, கொம்பாய்?

– கொம்பாய்ங்காத. காபியும் வேணாம், கொம்பாயும் வேணாம். பதினாலு வருஷத்துக்கு முன்னால சாமியார் என் பொண்ணு தலையில ஞானஸ்நானத் தண்ணி ஊத்தறப்ப மெழுகுவத்தி புடிச்சுட்டு நின்னியே வீத்தோ, அன்னைக்கு வந்த உறவு அது. இன்னைக்குக் காலைல போயிருச்சு.

– என்ன ஆச்சு காலைல?

– டீலர் புது இன்ஜின் குடுக்க மாட்டானாம். வாரண்டி செல்லாதாம். அவ்ளோதான், முடிஞ்சுது.

– எப்படி முடியும்? வண்டி வாங்கி பதினோரு மாசம்தான ஆச்சு? இன்ஜினுக்கு அஞ்சு வருஷம் அவன் பொறுப்பு.

– அஞ்சு வருஷம்தான். வெளியாள் எவனும் இன்ஜின்ல கை வெக்காத வரைக்கும். நீ வெச்சியே, ராசா, வேகம் ஏத்தறேன்னு! எட்டு மாசத்துக்கு முன்னால, இதே இடத்துல, இதே வெயில்ல, என் புது வண்டி மூடியத் தூக்கிட்டு "கொம்பாய், இனிமே இது குதிரை"ன்னு சொன்னியே. நானும் பல்ல இளிச்சுட்டு நின்னேன்.

– பொறு. மொதல்லருந்து சொல்லு. நின்னு போன வண்டிய டீலர்கிட்ட இழுத்துட்டுப் போன அன்னைக்கு என்ன சொன்னான்?

– ஒண்ணும் சொல்லல. சிரிச்சுப் பேசினான். அந்த சர்வீஸ் மேனேஜர் இருக்கானே, சட்டைய இஸ்திரி போட்டு, மணமா, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்து நிப்பான், அவன்தான். "பிரிச்சுப் பாக்கறோம் சார், ஒரு வாரம்"னான். நான் உள்ளுக்குள்ள வேர்த்து வடியறேன். ஆனா ஒரு தைரியம். நம்ம வீத்தோ எல்லாத்தையும் திருப்பி வெச்சுட்டான், வண்டி கன்னி கழியாத மாதிரி இருக்குன்னு.

– ஆமா. அப்படித்தான சொல்லி அனுப்பினேன்.

– இந்தத் தீவுல எல்லாரும் செய்யறதுதான, நான் மட்டும் புதுசாவா செஞ்சேன்? கழட்டின ஒரிஜினல் சாமானப் பெட்டில போட்டு கட்டிலுக்கடியில வெச்சுக்க வேண்டியது. டீலர்கிட்ட போறப்ப திருப்பி மாட்டிட்டுப் போக வேண்டியது. என் மச்சான் மூணு வண்டிக்கு செஞ்சிருக்கான், ஒருத்தனும் கண்டுபுடிக்கல. எனக்கு மட்டும்தான் இந்த எழவு.

– மூளைப்பெட்டியப் பாத்தானா? வண்டியோட கம்ப்யூட்டர?

– பாத்தான். ஒயர சொருகினான். அதுல யாராவது புதுசா எழுதியிருந்தா எத்தன தடவன்னு உள்ளயே ஒரு எண்ணிக்கை ஓடுமாமே. நீ எங்கிட்ட அதச் சொல்லவே இல்ல.

– எவ்ளோ காட்டுச்சு?

– சைபர்.

– சைபரா. சரி.

– என்ன சரி? அவனே அசந்துட்டான். "இத செஞ்சவன் கைகாரன் சார், தடமே விடல"ங்கறான். அந்த நிலைமையிலயும் எனக்கு ஒரு நொடி பெருமையா இருந்துச்சு பாரு. எங்க வீத்தோடான்னு. த்தூ.

– சைபர் காட்டுச்சு, சாமானெல்லாம் ஒரிஜினல். அப்புறம் எதை வெச்சு முடியாதுன்னான்?

– ஸ்டிக்கர்.

– எந்த ஸ்டிக்கர்?

– பின்கண்ணாடில. "வீத்தோ ரேசிங், கயேய்". சேவல் படம் போட்டது.

– எலாதியோ! சுரண்டி எடுன்னு சொன்னேனா இல்லையா? பிளேடு வேற கையில குடுத்து அனுப்பினேன்!

– சொன்ன, சொன்ன. எனக்கு மனசு வரல. சலினாஸ் ரேஸ் மைதானத்துல அந்த குராபோக்காரன் மஞ்ச வண்டிய நான் தோக்கடிச்ச அன்னைக்கு நீ உன் கையால ஒட்டினது அது. ஊரே கத்துச்சு. என் பொண்ணு லியானிஸ் என் கழுத்தக் கட்டிக்கிட்டா. பத்து வருஷம் ஓட்டைக் கார்ல அவளப் பள்ளிக்கூடத்து வாசல்ல எறக்கி விட்டிருக்கேன். தள்ளி ஸ்டார்ட் பண்ணுவேன், அவ ஃபிரண்ட்ஸ் சிரிப்பாங்க. அந்த ஒரு நாள் அவ என்னைப் பெருமையாப் பாத்தா. அத எப்படி நான் பிளேடால சுரண்டுவேன்?

– ம்.

– ம்முன்னா? வேற ஒண்ணும் இல்லையா உங்கிட்ட?

– ஸ்டிக்கர் ஒட்டினதுக்கெல்லாம் வாரண்டி போகாது, கொம்பாய். ஏன், சாமான மாத்தியே இருந்தாலும் அது ஒண்ணுக்காக மொத்தத்தையும் மறுக்க முடியாது. மாத்தினதாலதான் உடைஞ்சுதுன்னு அவன் காட்டணும். காட்டுறது அவன் வேலை, உன் வேலை இல்ல.

– இப்ப வக்கீலாயிட்டியா? நல்லா இருக்கு. காட்டினான்ப்பா! உடைஞ்ச பிஸ்டன துணில சுத்தி எடுத்துட்டு வந்து என் உள்ளங்கையில வெச்சான். ரெண்டாப் பொளந்து கிடக்கு. "சார், இந்த இன்ஜின் இவ்ளோ பாரம் தாங்காது. காசுக்கு ஆசப்பட்டு எவனோ அளவுக்கு மீறி ஊதவிட்டிருக்கான். இதுல உங்க தப்பு என்ன சார், நம்பினீங்க, நம்ப வெச்சு கழுத்தறுத்துட்டான்"னு சொன்னான். கழுத்தறுத்துட்டான்! அந்த வார்த்தையத்தான் சொன்னான்.

– மூணாவது பிஸ்டனா?

– உனக்கெப்படித் தெரியும்?

– போன மாசம் இதே மாடல் ரெண்டு வந்துச்சு இங்க. ரெண்டுலயும் மூணாவதுதான். அதுல ஒண்ணு தோன்யா பிலார் டீச்சரோடது. பள்ளிக்கூடம் விட்டா சர்ச், சர்ச் விட்டா வீடு. அந்தம்மா நாப்பதுக்கு மேல ஓட்டினதே இல்ல.

– பேச்ச மாத்தாத. டீச்சர் கதையெல்லாம் எனக்கெதுக்கு? என் கதை என்னன்னு தெரியுமா? வண்டி இல்லாம மூணு வாரமா பக்கத்து வீட்டுக்காரன் வேன்ல தொத்திக்கிட்டு ஊமகாவோ பேக்டரிக்குப் போறேன். சனிக்கிழமை பொண்ணுக்குப் பதினஞ்சு முடியுது, கல்யாணம் மாதிரி சர்ச்சுல பூசை, அப்புறம் விருந்து, ஆட்டம். அந்த கவுன், அந்த அகலத்துக்கு, யார் வண்டில ஏத்திட்டு சர்ச்சுக்குப் போவேன்? வண்டிக்கு ரிப்பன் வாங்கி வெச்சிருக்கா அவ. ரோஸ் கலர்ல. இன்னும் அஞ்சு வருஷம் தவணை கட்டணும் வீத்தோ, ஓடாத வண்டிக்கு.

– ரிப்பன் நான்தான் வாங்கிக் குடுத்தேன்.

– தெரியும். அதான் இன்னும் எரியுது.

– நீ என்ன பண்ணிட்டு வந்திருக்க, எலாதியோ? ரொம்ப நேரமா எதையோ சுத்திச் சுத்தி வர்ற. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

– என்ன பண்ணேன்? கேட்டதுக்குப் பதில் சொன்னேன். "எந்தப் பட்டறை சார்?"னான். கண்ணாடில அவன் கண்ணுக்கு முன்னாலயே எழுதியிருக்கு. ஆமான்னேன்.

– வாயாலயா?

– எழுதி.

– கையெழுத்து போட்டியா?

– போட்டேன். "என் வண்டியின் இன்ஜினை வீத்தோ பட்டறையில் மாற்றியமைத்தது உண்மை, அதன் பிறகே பழுதானது". இப்படி நாலு வரி. அத வெச்சு உன் மேல சர்க்கார்ல புகார் குடுத்தா இன்ஜின் காசு உங்கிட்டருந்தே கிடைக்கும்னான். புகார் தாளும் அவனே எடுத்துக் குடுத்தான், உக்கார நாற்காலி, குடிக்கத் தண்ணி எல்லாம். அதையும் நிரப்பிட்டேன்.

– என் மெக்கானிக் லைசென்ஸ் போயிரும்னு தெரியுமா உனக்கு?

– தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன். வலிக்குதா? எனக்கும் வலிச்சுது. என் வண்டியக் கெடுத்தவன் என் வீட்டு விருந்துல ஞானத்தகப்பனா என் பொண்ணு கூட மொத ஆட்டம் ஆடப் போறவன்னு நெனச்சப்ப வலிச்சுது.

– அந்தத் தாள் எங்க இப்ப? திருப்பி வாங்க முடியுமா? சொல்லு, இப்பவே கிளம்பலாம், என் வேன்ல போலாம்.

– பதறுது பாரு! இப்ப பதறுது! ஒம்பது மணிக்கே சீல் வெச்சு கம்பெனிக்கு அனுப்பிட்டான். பதினோரு மணிக்கு அங்கருந்து பதில் வந்துருச்சு, இந்தா, போன்லயே இருக்கு. "உரிமையாளரே ஒப்புக்கொண்டதால்". படி.

– உரிமையாளரே ஒப்புக்கொண்டதால்... ஐயோ, எலாதியோ.

– என்னா ஐயோ? செஞ்சப்ப தெரியலையா? அன்னைக்குக் கூலி வேணாம்னியே, ஞானப்பொண்ணுக்காக சும்மா செய்யறேன்னு பெரிய மனுஷன் மாதிரி. ஓசில செஞ்சா இப்படித்தான்னு எனக்குத்தான் புரியல. வாங்கியிருக்கலாமே, வாங்கிட்டு ஒழுங்கா செஞ்சிருக்கலாமே!

– செய்யாத வேலைக்கு எப்படிக் கூலி வாங்கறது?

– என்ன முணுமுணுக்கற?

– உக்காரு.

– நான் உக்கார வரல.

– உக்காரு, கொம்பாய். அடிக்கணும்னா அப்புறம் அடி. எட்டு மாசத்துக்கு முன்னால நீ வண்டிய இங்க விட்டுட்டுப் போன அன்னைக்கு சாயந்திரம் நெரெய்தா வந்தா.

– என் பொண்டாட்டியா? இங்கயா?

– மழைல நனைஞ்சுட்டு வந்தா. கையில வாரண்டி புஸ்தகம். ஒரு பக்கத்த மடிச்சு வெச்சிருந்தா, பேனால கோடு போட்டு. "இன்ஜின மாத்தினா ஒண்ணும் கிடைக்காதுன்னு எழுதியிருக்கு வீத்தோ. அவருக்கு இது விளையாட்டு. எங்களுக்கு இது ஒண்ணுதான் இருக்கு"ன்னா. அங்க நிக்குது பாரு ஜாக்கி, அது மேல உக்காந்து அழுதா.

– எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல அவ.

– சொன்னா நீ கேப்பியா? நான் முடியாதுன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?

– வேற எவன்கிட்டயாவது போயிருப்பேன்.

– அதையேதான் அவளும் சொன்னா. "முடியாதுன்னு சொல்லிராதீங்க, தோவா அல்தாவுல இருக்கானே அந்தக் கசாப்புக்கார மெக்கானிக், அவன்கிட்ட போயிருவாரு"ன்னா. அதனால சரின்னேன்.

– யாருக்கு சரின்ன? எனக்கா, அவளுக்கா?

– அந்தப் பெட்டியத் திற.

– அது என்னத்துக்கு இப்ப? உன் குழாயும் கண்றாவியும்தான இருக்கு. நீதான கழட்டி உள்ள போட்டு டேப் சுத்திக் குடுத்த.

– எட்டு மாசம் உன் இன்ஜின்ல கெடந்து புகை தின்ன குழாய். அதான? திற.

– ...இந்தா. திறந்தாச்சு.

– அந்தப் பெரிய குழாய எடு. வாய்க்குள்ள விரல விடு. நல்லா ஆழமா விட்டு ஒரு சுத்து சுத்து. வெளிய எடு. கரி ஒட்டியிருக்கா?

– இல்ல.

– இன்னொரு வாயில விடு.

– இல்ல. வீத்தோ, இதுல மூடியே கழட்டல. கடைக்காரன் போட்ட பிளாஸ்டிக் மூடி அப்படியே இருக்கு.

– ம்.

– அப்போ நீ வண்டில சொருகிக் காட்டின லேப்டாப்ல? கோடு மேல ஏறிச்சே, நான் என் கண்ணால பாத்தேன்!

– அது இன்ஜின் சூடு. எந்த வண்டில சொருகினாலும் ஏறும்.

– சத்தம்? அந்த உறுமல்?

– வால்குழாய் மட்டும் மாத்தினேன். அது சத்தத்துக்கு. அதுக்கெல்லாம் எந்தக் கம்பெனியும் கேள்வி கேக்காது.

– சலினாஸ்ல நான் ஜெயிச்சேனே! அந்த மஞ்ச வண்டிய!

– அவன் ரெண்டாவது கியரத் தவறவிட்டான். ஊரே பாத்துச்சு. நீ மட்டும்தான் பாக்கல, நீ முன்னால போயிட்டிருந்த.

– எட்டு மாசம். நீயும் அவளும். சோத்து மேசைல உக்காந்து, குதிரை எப்படி ஓடுதுன்னு எங்கிட்ட கேட்டுக்கிட்டே. என்னைக் கோமாளியாக்கிட்டீங்க ரெண்டு பேரும். இன்ஜின் நின்ன அன்னைக்காவது சொல்லியிருக்கலாம்ல? அன்னைக்குக் கூட ஒரிஜினல் சாமான திருப்பி மாட்டறேன்னு கதவ சாத்திட்டு ஒரு மணி நேரம் உள்ள என்னடா பண்ண?

– காபி குடிச்சேன். அவங்க பாத்துட்டுப் புதுசு போட்டுக் குடுத்துருவாங்க, உன் சந்தோஷமும் கெடாம இருக்கும்னு நெனச்சேன். உன் இன்ஜின்ல ஒரு ஆணியக் கூட நான் தொடல, கொம்பாய். அது கம்பெனிலருந்து எப்படி வந்துச்சோ அப்படியே இருந்து, அவன் தப்பாலதான் உடைஞ்சுது. புது இன்ஜின் குடுத்தே ஆக வேண்டியவன்கிட்ட போயி, தப்பு என்னோடதுன்னு நீதான் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு வந்திருக்க.