எலுமிச்சம்பழம் உருளாத ஜோடி

இல்ல தங்கச்சி, அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இப்படிக் கட்டில்ல உக்காரு. உன் வெள்ளை டிரஸ் அழுக்காகாது, இப்பத்தான் விரிப்பு மாத்துனேன். சிலுவை தூக்குறப்போ வைக்கிற உன் தோள்மெத்தைதானே, இங்கதான் எங்கயோ கெடக்கு, தேடி எடுத்துத் தர்றேன். அதுவரைக்கும் பாப்பாவக் கொஞ்சம் புடிச்சுக்க. கீழ விட்டா தையல் மெஷின்ல போய்க் கைய வச்சிருவா.

ஆமா, எல்லாரோடதையும் தொவச்சு, கிழிஞ்சதத் தச்சு, காலையிலயே மூட்டையாக் கட்டி எங்க வீட்டுக்காரர்கிட்டக் குடுத்துட்டேன். உன்னோடது மட்டும் எப்படியோ விட்டுப்போச்சு.

பதறாத. மொத மணியே இன்னும் அடிக்கல. ரெண்டாவது மணிக்குத்தான் ஊர்வலத்துக்குச் சிலுவையத் தூக்குவாங்க. எனக்குத் தெரியாதா? முன்வரிசையில வலது பக்கம் தூக்குனவதானே நானும். என்ன அப்படிப் பாக்குற? உன்கிட்ட யாரும் சொல்லலையா? அவரு கூடவா?

சரி, சொல்லாட்டிப் போகுது. சொல்ற அளவுக்கு என்ன இருக்கு.

கல்யாணம் ஆயிட்டா பொண்ணுங்க இளைஞர் குழுவுல இருக்கக் கூடாதுல்ல, அதோட என் கதை முடிஞ்சுது. ஆம்பளைங்களுக்கு அந்தச் சட்டம் கிடையாது போல. அவரு தல நரைக்கிற வரைக்கும் லீடர்தான். நமக்கு மெத்தை தொவைக்கிற வேலை. குறையாச் சொல்லல. யாராச்சும் செஞ்சுதானே ஆகணும். உங்க வேர்வை நாத்தம் இருக்கே, ரெண்டு தடவை ஊற வச்சாத்தான் போகுது.

ஐயோ, முடியப் புடிச்சு இழுக்குறாளா? மெதுவா விரலப் பிரிச்சு எடுத்து விடு. புதுசா யாரப் பாத்தாலும் இப்படித்தான் ஒட்டிக்குவா. அப்பன் புத்தி.

சும்மா சொன்னேன், தமாசு. சிரியேன்.

எனக்குப் பொதுவா ரெண்டு வார்த்தைக்கு மேல வராது. கோயில்ல யாராவது நல்லாருக்கியான்னு கேட்டாக்கூடத் தலைய ஆட்டிட்டு வந்துருவேன். படிப்பும் அவ்வளவா இல்ல, நாலு பேர் நடுவுல பேசினா நாக்கு ஒட்டிக்கும். இன்னைக்கு என்னமோ உன்னப் பாத்ததும் அடைச்ச குழாய் தொறந்த மாதிரி வருது.

உன்னப் பத்தி அவரு நல்லாப் பேசுவாரு. ஒத்திகை முடிச்சுட்டு வந்தாருன்னா சோத்துத் தட்டுல கைய வச்சுக்கிட்டே ஆரம்பிச்சிருவாரு. இந்த வருஷம் சிலுவை கொஞ்சம்கூட ஆடலம்மா, அந்தப் பொண்ணு தோள் அசையாம நடக்குதும்மாம்பாரு. ரெண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்புட்டாரு அன்னைக்கு. எனக்கு மொதத் தடவையே எறங்கல. நான் நடந்த காலத்துல ஆடுச்சான்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கொழம்ப ஊத்திட்டு உள்ள போயிட்டேன்.

ம்? நான் போட்டிருக்குற வெள்ளை டிரஸ்ஸா? ஆமா, என்னோடதுதான். பெட்டியில கெடந்துச்சு, பாப்பா பொறந்தப்புறம் பத்துதா பாப்போம்னு மாட்டுனேன். இடுப்புல கொஞ்சம் பிடிக்குது. மத்தபடி பரவால்ல, இல்ல?

அந்த மெத்தை எங்க போச்சுன்னு பாரேன். இந்தத் துணிக்குவியல்லதான் வச்சேன், கையில இருக்குற தையல முடிச்சுட்டுத் தேடுறேன்.

ஜோடி எடுத்தது ஞாபகம் இருக்கா உனக்கு? போன மாசம்தானே. எப்பவும் கோயில் பீடத்துக்குப் பின்னாடி ரூம்லதான். லீடர் ஒரு பக்கம் மெத்தையத் தோள்ல போட்டுக்கிட்டு நிப்பாரு. பொண்ணுங்க ஒவ்வொருத்தரா மெத்தையோட பக்கத்துல போய் நிக்கணும். ஃபாதர் ரெண்டு பேரு தோளுக்கும் குறுக்க ஒரு பலகைய வச்சு, அதுமேல எலுமிச்சம்பழத்த வைப்பாரு. பழம் உருண்டுச்சுன்னா நீ பின்னாடி போ. உருளாம நின்னுச்சுன்னா அவதான் முன்வரிசை. ஒரு விரல் ஏறி எறங்குனாலும் சிலுவை சாஞ்சு தெரியும், தெருவே பேசும்ல.

எனக்கும் உருளல. அத்தன நெட்டையான பொண்ணுங்க நின்னாங்க. ஒருத்திக்கு இந்தப் பக்கம் உருளுது, ஒருத்திக்கு அந்தப் பக்கம். நான் போய் நின்னேன். பழம் பசை போட்டு ஒட்டுன மாதிரி நிக்குது. ஃபாதரே சிரிச்சுட்டாரு, கடவுள் அளந்து வச்ச உயரம்னு.

பக்கத்துல நிக்குறவங்களத் திரும்பிப் பாக்கக் கூடாது, பேசக் கூடாது, கண்ணு நேரா இருக்கணும். முக்காடு வேற மூஞ்சிய மறைச்சிரும். ஆனா அந்தச் சிலுவைக் கட்டை ரெண்டு பேரையும் சேத்துக் கட்டுன மாதிரி இருக்கும், இல்ல? அவரு மூச்சு இழுத்தா நமக்குத் தெரியும். திருப்பத்துல அவரு இடது கால எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடியே நம்ம கால் தயாராயிரும். சந்தை முக்குல வந்தா அவரு கட்டைய விரலால தட்டுவாரே, ரெண்டு தட்டு? கனக்குதான்னு கேக்குறதுக்கு. ஒத்திகையில உனக்கும் தட்டுனாரா?

தட்டுனாரா.

ஒண்ணுமில்ல. ஊசி குத்திருச்சு.

இரு, மொத மணி. அடிச்சா அடிக்கட்டும், உக்காரு. நீ எந்திரிச்சா அவ முழிச்சுக்குவா, பாரு எப்படிக் கண்ணு சொருகுதுன்னு. உன் தோள்ல சாஞ்சதும் தூக்கம் வந்துருச்சு. என்கிட்ட ஒரு மணி நேரம் கூத்தடிப்பா. அப்படியே முதுகுல தட்டிக்கிட்டே இரு.

உன்னை ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேன். குழுவுல சின்னப் பொண்ணுங்க எல்லாரும் அவர அண்ணான்னுதானே கூப்புடுறாங்க. நேத்து வாசல்ல நின்னு நீ மட்டும் லீடர் இருக்காரான்னு கேட்ட. அண்ணா இருக்காரான்னு கேட்டிருந்தா நான் உள்ள போய் என் வேலையப் பாத்திருப்பேன். தப்புன்னு சொல்ல வரல. நானும் அவர அண்ணான்னு கூப்புட்டதே இல்ல. லீடருன்னுதான் சொல்லுவேன். ஏன்னு எனக்குத் தெரியும். அதான் கேட்டேன்.

அழாத. எதுக்கு இப்பக் கண்ணத் தொடைக்கிற? நான் என்ன சொல்லிட்டேன்.

மெத்தை இங்கதான் இருக்கு. தொலையல. தொவைக்கிறதுக்குக் கையில எடுத்தப்பவே மத்ததவிட உன்னோடது கனமா இருந்துச்சு. ஓரத்துல தையல் வேற மாதிரி ஓடுது. கைத்தையல், பொடித் தையல், பாவம் கண்ணு வலிச்சிருக்கும் உனக்கு. பிரிச்சுப் பாத்தேன். பஞ்சுக்கு அடியில துண்டு, நாலா மடிச்சு வச்சிருக்க. ரெண்டு விரல் தடிப்பு.

நான் எங்கப்பாவோட பழைய வேட்டிய மடிச்சு வச்சேன். அதுவும் ரெண்டு விரல்தான். கடவுள் எங்க அளந்தாரு, நான்ல அளந்தேன். அந்த வருஷம் சிலுவைய எறக்குனப்புறம் அவரு என் மெத்தைய வாங்கிக் கையால அமுக்கிப் பாத்தாரு. என்ன, கனமா இருக்குன்னாரு. அவ்வளவுதான். அப்புறம் சிரிச்சாரு. அந்தச் சிரிப்புக்குத்தான் மறு வருஷம் பொண்ணு கேட்டு வந்தாங்க எங்க வீட்டுக்கு.

உன் மெத்தையையும் அவர்தான் மூட்டையில கொண்டாந்து போட்டாரு. அமுக்கிப் பாத்தாரா, பாக்கலையா? எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும். பாத்துட்டு உன்கிட்டச் சிரிச்சாரா? சொல்லாத. நீ இல்லன்னு சொன்னா நம்ப மாட்டேன், ஆமான்னு சொன்னா தாங்க மாட்டேன். அவர்கிட்டயும் கேக்க மாட்டேன். எனக்குத்தான் பேச வராதே.

இது யாரோடதுன்னு பாக்குறியா? என் பழைய மெத்தை. பாப்பாவுக்குத் தலகாணியா வச்சிருந்தேன், அமுங்கி அப்பளமாயிருச்சு. உன் துண்ட எடுத்து இதுக்குள்ள வச்சுத் தச்சுட்டேன். இப்பத்தான் கடைசித் தையல் போட்டேன், நீ பாத்துக்கிட்டேதான் இருந்த. அளவு கச்சிதமா இருக்கு. இருக்காதா பின்ன, நீயும் நானும் ஒரே உயரம்தானே.

ரெண்டாவது மணி அடிக்கப் போகுது. என் முக்காடு அந்த ஆணியில இருக்கு பாரு, எட்டுச்சுன்னா எடுத்துக் குடு. வேணாம், நீ அசையாத, நானே எடுத்துக்குறேன்.

ஃபாதர் என்ன சொல்லுவாருன்னா? தூக்குனப்புறம் நடு வழியில யாரு எறக்கச் சொல்லுவா. நான் பாக்கணும், சந்தை முக்குல கட்டையத் தட்டுறப்போ பக்கத்துல வர்றது நீயா நானான்னு திரும்பிப் பாக்காமலே அந்த மனுஷனுக்குத் தெரியுதான்னு.

பால் புட்டி அடுப்பு மேடையில இருக்கு. அழுதா இடது தோளுக்கு மாத்திப் போடு. வலது தோள் அவளுக்குப் பிடிக்காது.