யாரும் தொடக்கூடாது

இது நடந்தது சென்ற மாதம் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை. வெட்டுவதற்கென்று செய்த கத்தரிக்கோலைக் கண்ணாடிக்குள் பூட்டிவைத்து அழகு பார்க்கும் வீட்டார் அனைவர்மீதும் எனக்குக் குறை உண்டு. முதல் குற்றவாளி நான்.

சில நாள் கழித்து, மின்சாரம் போன வாசகசாலையில், ஒற்றை மெழுகுவத்தியைச் சுற்றி நெருக்கியடித்து அமர்ந்திருந்த நண்பர்களிடம் இதைச் சொன்னேன். "நண்பர் ஒருவரின் மைத்துனருக்கு நடந்தது" என்று தொடங்கினேன். பொய். நடந்தது எனக்கு.

அந்தக் கத்தரிக்கோல் தையற்காரரான எங்கள் அப்பாவுடையது. அவருக்குப்பின் என் அக்கா நாற்பது ஆண்டுகள் அதைக்கொண்டு துணி வெட்டினாள். என்னைப் படிக்கவைத்ததும் அந்த இரும்புதான். கடையை மூடிவிட்டு அவள் என் வீட்டோடு வந்தபோது, கூடத்துக்கு எடுப்பாக இருக்குமென்று அதைத் துலக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தேன். மகன் ஓர் அட்டை எழுதி ஒட்டினான்: "தொடாதே." அந்த ஒருமை எனக்குப் பொறுக்கவில்லை. அடித்துத் திருத்தினேன்: "யாரும் தொடக்கூடாது."

ஒரு நாள் அக்கா கேட்டாள்.

"டேய் வாத்தியாரே, அதைக் கொஞ்சம் எடுத்துக் கொடேன். தலையணை உறை ஒண்ணு வெட்டணும்."

"அட்டையைப் படிக்கலையா அக்கா?"

"படிச்சேன். எனக்குமா?"

விருந்தினர் இருந்தனர். அவர்கள் எதிரில் பாடம் நடத்தினேன். "யாரும்னு சொன்னா முற்றும்மை, அக்கா. ஒருத்தரையும் விடாது. விதிவிலக்கே கிடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

பிறகு அவள் கேட்கவேயில்லை. மிச்சமிருந்த நான்கு பற்களால் நூலைக் கடித்தே அறுத்தாள். நான் பார்த்தும் பாராததுபோல் இருந்தேன். அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனாள்.

அந்தப் புதன்கிழமை, மாலை ஆறரை மணி. பேருந்து நிறுத்தத்திலிருந்து என் வீடு வரைக்கும் ஒரு விளக்கும் இல்லை... ஓர் ஆளும் இல்லை. மகன் குடும்பம் வெளியூரில். பூட்டைத் திறந்தேன். தையல் மிஷின் எண்ணெயின் வாசனை. கூடத்தில் மெல்லிய ஓசை.

நற்...

சிறிது இடைவெளி.

நற்...

"எலியா இருக்கும் சார்" என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர்.

"எலி 'தம்பி'ன்னு கூப்பிடுமாய்யா?" என்றேன்.

அவர் மெழுகுவத்தியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

பெட்டிக்கு முன்னால் குனிந்த முதுகு ஒன்று தெரிந்தது. சாவியை நீட்டினேன். "எடுத்துக்கோ அக்கா... அந்த அட்டை உனக்கில்ல..."

"விதிவிலக்கு கிடையாதே, தம்பி."

குரலில் கோபமில்லை. பாடத்தை ஒப்பிக்கும் மாணவியின் குரல்.

விளக்கைப் போட்டேன். யாருமில்லை. பெட்டி பூட்டியபடியே இருந்தது. கண்ணாடியில் ஒரு விரல் தடம்கூட இல்லை. தரையில் ஏழெட்டு நூல் துண்டுகள். குனிந்து எடுத்தேன். நுனிகள் எச்சிலில் நனைந்திருந்தன... இளஞ்சூடு ஆறவில்லை.

அன்றே அட்டையைக் கிழித்தேன், பெட்டியை உடைத்தேன். கத்தரிக்கோல் இப்போது அவள் தையல் கூடையில் திறந்தே கிடக்கிறது. ஓசை நிற்கவில்லை. உயிரோடிருந்தபோது நான் சொன்னதைத்தான் அவள் இன்னும் கேட்கிறாள். இப்போது சொல்வது அவள் காதில் விழுவதில்லை.

உங்கள் கூடத்திலும் ஒரு பெட்டி இருக்கும். அதிலுள்ள பொருளைப் புழங்கிய கை இன்னும் உங்கள் வீட்டில் இருக்கிறதா? எழுந்திருங்கள். இதை மடித்துவைத்துவிட்டு, சாவியைக் கொண்டுபோய் அந்தக் கையில் கொடுங்கள்.