பத்திரிகை அடிக்கக் குடுக்காதண்ணே

ஹலோ... அண்ணே, நான்தான், சரோசா... ஆமா, ஆமா, சிதம்பரத்துலதான் இருக்கோம். ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன்... தேன்மொழி உள்ள படுத்திருக்கு. அவ அப்பா, மாமாதான் கூட இருக்காரு... வந்துடுச்சுண்ணே. ரிசல்ட் வந்துடுச்சு... கேன்சர்தான்.

...

இல்ல, அழுவல. அழுவ வரல.

மூக்கோரம் புண்ணு இருந்துச்சே, அதான்... ஆமா, ஆமா, போன வருசம் கடலூர்ல வெட்டி எடுத்தாங்களே, அதே எடம்... பதினோரு வயசுல எப்டி வரும்னு நானும்தான் கேட்டேன். வெயில் பட்டா தோலுக்குள்ள இருக்குற டி.என்.ஏ. கெட்டுப் போவுமாம். எல்லாருக்கும்தான். நமக்கெல்லாம் ஒடம்பே அத சரி பண்ணிக்குதாம். இவளுக்கு அந்த சக்தி பொறப்புலயே இல்லியாம்... இரு, சொல்றேன். அந்த டி.என்.ஏ. நூலு மாதிரி சுருட்டியிருக்குமாம். தளர்வா இருக்குற எடத்துல ஏதோ கொஞ்சம் ரிப்பேர் ஆவுதாம். இறுக்கமா இருக்குற எடத்துல ஒண்ணும் ஆவுலியாம். அங்க தப்பு சேந்து சேந்து... ம்... கண்ணேறு இல்லண்ணே. நாம போவாத கோயிலா.

அண்ணே, அருளு கல்யாணப் பத்திரிகை அடிக்கக் குடுத்துட்டியா?... நாளைக்கா... குடுக்காத.

தள்ளி வெக்கச் சொல்லலண்ணே. கல்யாணமே வேணாம்.

...

கத்து. கத்திக்க... என் பையன் அருளுக்கு ஒண்ணும் இல்ல. ஒம் பொண்ணு ஜெயராணி மேலயும் கொறை இல்ல. நானும் மாமாவும் மட்டும் நல்லா இல்லியா? அம்மாவோட தம்பிக்கே என்னக் கட்டி வெச்சீங்க. ரெண்டு பேருகிட்டயும் அந்தக் கொறை மறைஞ்சு கெடந்திருக்கு. புள்ளைக்கு ரெண்டு பக்கமும் வந்து சேந்துடுச்சு... அருளுகிட்டயும் இருக்கலாம், ஒங்கிட்டயும் ஜெயராணிகிட்டயும் இருக்கலாம். அதுங்க ரெண்டும் கட்டிக்கிட்டா பொறக்குற புள்ளைக்கும் இப்டி வரலாம். இருக்குன்னு சொல்லல. இருக்கலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க... ஆமா, அருளுகிட்ட சொல்லிட்டேன். எழுந்து வெளிய போயிட்டான்... ஒறவு அத்துப் போச்சுன்னு நெனச்சுக்கவா சொல்ற? சரி... சரிண்ணே.

அண்ணே?... யாரு? ஜெயராணியா?... அப்பா எங்கம்மா?... ஓ, எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருந்தியா... தேனு தூங்குது... வலி இல்லேன்னுதான் சொல்லுது.

என்னாது?... கல்யாணம் வேணாம்னு நீயே ஒங்கப்பாகிட்ட சொல்லிடுறியா?... ஏன்டி... ம்... எனக்கும் ஒங்கப்பாவுக்கும் ஒறவு விட்டுப் போயிடக் கூடாதுன்னா?... வேணாம்டா. பொண்ணு மாட்டேன்னுச்சுன்னா ஊரு ஒன்னத்தான் பேசும். ஒங்கப்பா என் மேல கோவமாவே இருக்கட்டும். எனக்கு இப்ப எதுவும் ஒறைக்கல... அருளு மேல ஆசை இல்லேன்னு ஒன்னால சொல்ல முடியுமா?... வாய் தொறந்து சொல்ல முடியுமா?

இரு, இரு. அப்பா பக்கத்துலயா நிக்கிறாரு?... இப்ப சொல்லாத. நான் நேர்ல வந்து... ஜெயா... அடியே, வேணாம்...

கேக்குது. நீ அவருகிட்ட சொல்றது எனக்கும் கேக்குது... அருளப் புடிக்கலேன்னு சொல்லாதம்மா, எம் புள்ளைய வேணும்னே வெறுக்காத... அழுவாம சொல்றியே...

ஹலோ?... ஜெயா?... ஹலோ?