யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்

இந்தத் தே-ஓவில் பால் இல்லாவிட்டாலும் சீனி கொஞ்சம் தூக்கல், சார். பரவாயில்லை, எனக்கு அப்படித்தான் பிடிக்கும். கால் மட்டும் ஓரிடத்தில் நிற்காது. நடுவில் எழுந்து நடந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தச் சாரதாம்பாள் உட்கார்ந்து சாப்பிட்டதை எங்கள் காஜா பெராங் பக்கத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வு என்றால் வேறென்ன, ஜன்னல்தான். பக்கத்து வீட்டு மல்லிகாவின் மகளை முச்சந்தியிலேயே இறக்கிவிட்டுப் போகும் மோட்டார் சைக்கிள் யாருடையது, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, இதையெல்லாம் யாராவது கவனிக்க வேண்டுமே. அதற்காக எனக்கு ‘வானொலி’ என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர்களே சாயங்காலம் வந்து செய்தியும் கேட்டுப் போவார்கள்.

அந்தச் சின்னக் கணினியைப் பற்றிக் கேட்டீர்கள். உள்ளங்கைக்குள் அடங்கும். பழைய டிவியின் பின்னால் மாட்டினால் போதும். லினக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டால் யாருக்கும் எதுவும் கட்ட வேண்டாம். மெர்டேக்கா சுதந்திர தினத்தின் அறுபதாம் ஆண்டு விருந்தில், தெருவெல்லாம் கொடி பறக்க, நான்தான் எழுந்து பேசினேன்.

“வெள்ளக்காரன் போயி அறுபது வருஷமாச்சு. கம்ப்யூட்டருக்கு மட்டும் இன்னும் கப்பம் கட்டணுமா?”

கோயில் தலைவர் கலியாணசுந்தரம் மீகோரெங் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். “ஓசியில வந்தா உள்ள என்னா இருக்கும்னு யாருக்குத் தெரியும், சாரதா?”

“ஓசி இல்ல தலைவரே, சுதந்திரம். உள்ள என்னா இருக்குன்னு யாரு வேணும்னாலும் தொறந்து பாக்கலாம்.”

“தொறந்து பாத்து நா என்னாலா செய்யப் போறேன்?”

எல்லோரும் சிரித்தார்கள். தீபாவளிக்குள் அவர் வீட்டு டிவிக்குப் பின்னாலும் ஒன்று மாட்டியாயிற்று.

என் வேலைமுறை எளிது. என் வீட்டில் ஒரே ஒரு நினைவக அட்டையை எனக்குப் பிடித்த மாதிரி தயார் செய்தேன். தமிழ் எழுத்து, பக்திப் பாட்டு, திருவிழா நாட்காட்டி எல்லாம் அதில் இருக்கும். அதையே நகலெடுத்து வீடு வீடாகச் செருகினேன். மலாய் பேசும் கம்போங் செட்டி வீடுகளுக்கு மட்டும் எழுத்தை மலாய்க்கு மாற்றிக் கொடுத்தேன். பிறகு “அக்கா, எழுத்தக் காணோம்”, “அக்கா, பாட்டு வரல” என்று ஆளுக்கு ஆள் கூப்பிட்டார்கள். ஓடி ஓடி என் அடுப்பில் சோறு அடிபிடித்தது. ஆகவே அட்டையில் ஒரு சந்து வைத்தேன். என் வீட்டிலிருந்தே அவர்கள் திரையைப் பார்த்துச் சரிசெய்யலாம். தேவைப்பட்டால் மட்டும்தான் பார்ப்பேன். எனக்கு அடிக்கடி தேவைப்பட்டது.

தலைவர் கதவைச் சாத்திக்கொண்டு மலாய்க்காரர்களின் ஜோகேட் ஆட்டம் கற்றுக்கொள்ளும் படங்கள் பார்ப்பார். இதைச் சொல்லிக் குடும்பத்தைக் கெடுத்தேனா? இல்லை. ஒருவரிடம்தான் சொன்னேன்.

எதிர்வீட்டு ருக்மணிக்குச் சீனி வியாதி. தினமும் சாப்பாட்டுக்கு முன் ஊசி போட்டுக்கொள்வாள். மகள் விஜயாவுக்குப் பத்து பெரெண்டாம் என்ற ஊரின் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள முடியவில்லையே என்று அழுதவள், நான் மாட்டிக்கொடுத்த கணினியில் ஒரு கேமரா வைக்கச் சொன்னாள். வைத்தேன். ஆனால் வேலை நேரத்தில் விஜயாவின் போன் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். அவள் பார்க்காத நேரத்தில் வேறு யாராவது பார்ப்பது நல்லதுதானே.

வினை காய்கறிப் பாசாரில் வந்தது. கீரை பார்த்துக்கொண்டிருந்த ருக்மணியிடம், “விஜயா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறாளாமே?” என்று கேட்டுவிட்டேன். தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது, சார். பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்தும்.

ருக்மணி கீரையைக் கீழே வைத்தாள். “போகச் சொல்லி நா விஜயாவுக்கு மட்டும்தான்க்கா அந்தக் கம்ப்யூட்டர்ல அடிச்சு அனுப்புனேன். வாயத் தொறந்து யார்கிட்டயும் சொல்லல.”

“காத்து வாக்குல வந்துச்சுலா.”

“எந்தக் காத்து? எங்கூட்டு ஜன்னலெல்லாம் சாத்தித்தான் கெடக்கு.” பையைத் தோளில் மாட்டினாள். “நாளைக்கு அத ஜெய்னுலாப்தீன் போன் கடையில காட்டறேன். நீங்கதானே சொன்னீங்க, யாரு வேணும்னாலும் தொறந்து பாக்கலாம்னு.”

அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் வாய் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். யார் வீட்டிலும் என்னைப் பசியாறக் கூப்பிட மாட்டார்கள். சாயங்காலம் என் கேட்டைத் திறக்க ஆளிருக்காது. நான் யாரோடு பேசுவது?

மறுநாள் மத்தியானம் திரைமுன் நின்றிருந்தேன். ருக்மணி ஊசி போட்டுக்கொண்டாள். தட்டில் சோறும் போட்டாள். ஊசி போட்ட கையோடு சாப்பிட்டிருக்க வேண்டும். அதற்குள் கணினியைக் கழற்றிவிடலாம் என்று டிவியின் பின்னால் போய்க் குனிந்தாள். ஒயர்கள் சிக்கல், அது நான் கட்டிய கட்டு. இழுத்து இழுத்துப் பார்த்தாள். அதிலேயே நேரம் போய்விட்டது. பிறகு முகம் வேர்த்து, கை நடுங்கி, அப்படியே தரையில் சரிந்தாள்.

சீனி இறங்கினால் ஒரு வாய் இனிப்பு போதும் என்று எனக்குத் தெரியும். என் கையில் தே-ஓ இருந்தது. தெருவைத் தாண்டினால் அவள் வாசல். அவள் வீட்டுச் சாவிகூட என்னிடம்தான் இருந்தது.

சாவியை எடுத்தேன். கேட் வரைக்கும் போனேன். திரும்பி வந்து திரையைப் பார்த்தேன். மறுபடி போனேன்.

அப்போது ருக்மணி கேமராவைப் பார்த்தாள். “விஜயா” என்று கூப்பிட்டிருந்தால் நான் போயிருப்பேன். “அக்கா” என்றாள். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை, “சாரதாக்கா, வாங்கக்கா” என்றாள்.

கவனியுங்கள், சார். நான் பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் நான் போய் நின்றால் அதை நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகாதா? சாவியை ஆணியில் மாட்டினேன். தே-ஓ ஆறிக்கொண்டிருந்தது, குடித்துவிட்டேன். உலை வைத்தேன். துணி மடித்தேன். இடையிடையே வந்து பார்த்துக்கொண்டேன். அவள் அசையாமல் போன பிறகு, அவள் கணினியில் நான் வைத்த சந்து வழியை அழித்தேன்.

சாயங்காலம் வந்து பார்த்த விஜயா போட்ட சத்தத்துக்கு முதலில் ஓடியது நான்தான்.

துக்க வீடு எப்படி இருக்கும், உங்களுக்குத் தெரியும். வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் கடைசி நேரக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். மல்லிகா சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரி. “விழுந்த ஒடனே நெனவு போயிருக்கும். பாவம், ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது.” பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். ஒரு செய்தியைத் தப்பாகச் சொன்னால் என் உடம்பு கேட்காது.

“இல்ல மல்லிகா. நெனவு இருந்துச்சு. ரெண்டு தடவ கூப்பிட்டா,” என்றேன்.

விஜயா தலையைத் தூக்கினாள். “யாரப் பெரியம்மா?”

நான் செருப்பை மாட்டிக்கொண்டு என் வீட்டுக்கு நடந்தேன்.

விஜயா அம்மாவின் கணினியை ஜெய்னுலாப்தீனிடம் கொண்டுபோனாள். அதில் ஒன்றும் இல்லை. அவன் கெட்டிக்காரன், தலைவர் வீட்டுக் கணினியையும் கேட்டு வாங்கித் திறந்தான். எல்லோருக்கும் ஒரே அட்டைதானே கொடுத்திருந்தேன். சந்து அப்படியே இருந்தது. அது நேராக என் வீட்டுக்கு வந்தது.

நான் கையால் எதுவும் செய்யவில்லை. போயிருந்தால் ருக்மணி பிழைத்திருப்பாள், போகவில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நீங்கள் வாசித்துக் காட்டிய அறிக்கையில் ஓர் இடம் தப்பு, சார். வீட்டில் யாரும் இல்லாமல் தனியாக இறந்தாள் என்று இருக்கிறது. அதை மாற்றிவிடுங்கள்.

கடைசி வரைக்கும் நான் கூடவே இருந்தேன்.