நூலுக்கு அந்தப் பக்கம்

அம்சா: ...போதும் மாமா, என் கால்ல கட்டின நூல அவுத்து விடு. நூல் சுத்தற வேலைக்கு நேரமாச்சு. மொதலாளி கமலவேணியம்மா கத்தும்.

வீரபத்திரன்: இரு. ஒரே ஒரு தடவ இழுத்துப் பாத்துக்கறேன்.

அம்சா: பட்டப்பகல்ல எதிர்லயே உக்காந்துக்கினு இருக்கேன். பொண்டாட்டி உசுரோட இருக்கறாளான்னு அவ கால் கட்டைவிரல் வந்து சொல்லணுமா?

வீரபத்திரன்: மேல மிலிட்டரி போஸ்ட்டுல அப்படித்தான்மா. பனி அடிச்சா பின்னாடி வர்றவன் கண்ணுக்கே தெரிய மாட்டான். ரெண்டு பேர் இடுப்புலயும் ஒரே கயிறு. நான் இழுத்தா அவனும் இழுக்கணும். அப்பதான் ஆளு இருக்கான்னு...

அம்சா: இது பனிமலை இல்ல, பிள்ளையார்பாளையம். மே மாச வெயில்ல ஸ்வெட்டர் போட்டுக்கினு இருக்கற. தெருவுல போற நாய்கூட நின்னு பாக்குது. கழட்டேன்.

வீரபத்திரன்: குளுருது.

அம்சா: எங்க?

வீரபத்திரன்: விரல்ல.

அம்சா: எந்த விரல்ல?

வீரபத்திரன்: பனில கருத்துப்போச்சுன்னு எடுத்துட்டாங்களே... அந்த ரெண்டுல.

அம்சா: கையக் குடு மாமா, தேச்சு விடறேன்.

வீரபத்திரன்: அழாத. அடுத்த மாசம் டூட்டியில சேந்துட்டா சரியாயிடும்.

அம்சா: இருபத்தி நாலு வயசு மாமா உனுக்கு. மிலிட்டரி டாக்டராண்ட எல்லாத்தையும் சொல்லிடேன்.

வீரபத்திரன்: சொன்னா பைத்தியம்னு எழுதிடுவான்.

அம்சா: சரி, நான் ஒண்ணு சொல்லணும். கோச்சுக்க மாட்டியே?

வீரபத்திரன்: இன்னா, தவணைல பீரோ எடுத்துட்டியா?

அம்சா: வெளையாடாத. ஆறு நாளா... தூங்கறப்ப அந்த நூல் என் கால்ல இல்ல. நீ இழுத்து இழுத்து எழுப்பறியா, எனுக்கு தூக்கமே போச்சு. நீ கண்ண மூடினதும் அவுத்து ஜன்னல் கம்பில கட்டிடுவேன். விடியறதுக்குள்ள திரும்ப...

வீரபத்திரன்: தெரியும்.

அம்சா: தெரியுமா? அப்பறம் ஏன் ஒரு வார்த்த கேக்கல?

வீரபத்திரன்: பதில் வந்துக்கினு இருந்துச்சே.

அம்சா: கம்பி எப்படி மாமா இழுக்கும்? காத்துல ஆடியிருக்கும்.

வீரபத்திரன்: நீ ஒரு தடவ இழுப்ப. இது ரெண்டு தடவ.

அம்சா: ...யாரு?

வீரபத்திரன்: லோகேஷ்தான் ரெண்டு தடவ இழுப்பான்.

அம்சா: உன் கூட்டாளி லோகேஷா? குண்டு விழுந்து ஐஸ் பொளந்தப்ப உள்ள போனானே...

வீரபத்திரன்: அவன்தான்.

அம்சா: கயிறு அறுந்துடுச்சின்னு சொன்னியே மாமா! அவன் ஊரு திருமுக்கூடலுக்குப் போயி, அவங்கம்மா காலப் புடிச்சிக்கினு அழுதியே.

வீரபத்திரன்: அழுதது நெசம்.

அம்சா: அப்ப... எது பொய்?

வீரபத்திரன்: கயிறு அறுந்துபோகல அம்சா. அவன் வெயிட்டுக்கு நானும் பள்ளத்துப் பக்கம் சறுக்கிக்கினே போனேன். கீழருந்து இழுத்தான்... ரெண்டு தடவ. உசுரோடதான் இருந்தான். க்ளவுஸ் போட்டுக்கினு முடிச்சு அவுக்க வரல... வெறுங்கையால நான்தான் அவுத்தேன்.